விருதாவாகவா?

ஜூன் 2, கேள்வி

என் அம்மா நாற்பது வருடமாக ஒரு காலை ஜெபத்தைக்கூட விட்டதில்லை. யாரையும் தாழ்த்தி அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. இப்போது மூன்றாவது வருடமாகப் படுக்கையில் இருக்கிறார், எலும்பெல்லாம் வலி, ராத்திரியில் தூக்கம் கிடையாது. எங்கள் நிலத்தைப் பொய்க் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொண்ட உறவினரோ நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். போன வாரம் எழுந்து "கர்த்தர் என்னை உயர்த்தினார்" என்று சாட்சி சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். இதைப் பற்றி வாயைத் திறந்தால் எனக்குப் பொறாமையாம், அம்மாவுக்கு விசுவாசம் குறைவாம். பூசி மெழுகாமல் யாராவது பதில் சொல்ல முடியுமா?

ஜூன் 2, இரவு, பதில்

பொறாமை என்றவர்களுக்கு 73ஆம் சங்கீதத்தைத் திறந்து காட்டுங்கள். ஆசாப் ஆலயப் பாடகர்களுக்குத் தலைவன். அவனே எழுதுகிறான்: "துன்மார்க்கரின் வாழ்வை நான் காண்கையில், வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமை கொண்டேன்." ஒளிக்கவில்லை. அவர்களுக்கு மரணபரியந்தம் இடுக்கண் இல்லை என்று பட்டியலே போடுகிறான். பிறகு 13ஆம் வசனம்: "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்." வீணாய்ப் போயிற்று என்கிறான். இது சபையில் பாடுவதற்காகவே வைத்திருக்கும் பாட்டு. நீங்கள் கேட்டதைத்தான் அவனும் கேட்டான், அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை.

எரேமியா தீர்க்கதரிசி இன்னும் நேராகப் போகிறார், 12ஆம் அதிகாரம் முதல் வசனம்: "ஆகாதவர்களின் வழி வாய்க்கிறதென்ன? துரோகஞ்செய்துவருகிற அனைவரும் சுகித்திருக்கிறதென்ன?" வழக்காடப் போகிற தொனியிலேயே கேட்கிறார். நான்கு வசனம் கழித்து வருகிற பதிலைப் பாருங்கள். காலாட்களோடு ஓடியே இளைத்துப் போனாய் என்றால் குதிரைகளோடு எப்படி ஓடுவாய் என்கிறார் கர்த்தர். அதில் ஆறுதலும் இல்லை, விளக்கமும் இல்லை. எத்தனையோ முறை வாசித்துவிட்டேன், இன்னும் எனக்கு அது கசப்பாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3, காலை

தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. ஆசாப் சொன்ன அந்த "விருதா" என்ற சொல்லை நான் வேறு ஒருவன் வாயிலும் கேட்டிருக்கிறேன். சொத்தையும் பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த நீதிமான் யோபின் புத்தகம், 1:9. "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" தேவனிடம் இப்படிக் கேட்டவன் சாத்தான். நீர் வேலியடைத்துக் காப்பதால்தானே அவன் உம்மைக் கும்பிடுகிறான், கையிலிருப்பதை எடுத்துப் பாரும் என்கிறான். மலாக்கி 3:14இல் ஜனங்களும் அதையே சொல்கிறார்கள்: "தேவனைச் சேவிப்பது விருதா."

அப்படியானால் "ஆசீர்வாதம் வேண்டுமா, விசுவாசி" என்று பேசும் பிரசங்கம் எந்தப் பக்கம் நிற்கிறது? நீதியாய் நடந்தால் நிலமும் சுகமும் வரும், வராவிட்டால் உன் நீதியில் ஓட்டை என்பதுதானே அது. மனிதன் லாபத்துக்காகத்தான் தேவனைத் தேடுவான் என்பது சாத்தானின் வாதம். அதையே மேடை போட்டு ஆமென் சொல்ல வைக்கிறோம். உங்கள் உறவினரின் சாட்சிக்குக் கைதட்டியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி.

ஜூன் 3, மதியம்

ஒருவர் 37ஆம் சங்கீதத்தை அனுப்பியிருக்கிறார், நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்ற 25ஆம் வசனம். சரி, தாவீது காணவில்லை. பிரசங்கி புத்தகத்தை எழுதியவர் கண்டார். 7:15இல், தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானும் உண்டு, தன் பாவத்திலே நீடித்திருக்கிற பாவியும் உண்டு என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து இன்னொன்றின் தலையில் அடிக்காதீர்கள்.

ஜூன் 4

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று புரியாது.

அப்பா ஒரு நிறுவனத்தில் கணக்கர். இரண்டு வருடக் கணக்கை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போடமாட்டேன் என்றார். 51ஆம் வயதில் வேலை போயிற்று. பக்கத்து மேஜைக்காரர் போட்டார், படிப்படியாக ஏறினார், வீடு கட்டினார், பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தார். அப்பா அங்கே இங்கே சில்லறைக் கணக்கு எழுதிப் பதினொரு வருடம் ஓட்டி 62இல் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினொரு வருடமும் வீட்டில் பார்க்க வந்தவர்கள் பேசியது எனக்கு மனப்பாடம். "கர்த்தர் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார்." "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்." ஒருவர் மட்டும் வந்து கூடவே உட்கார்ந்து அப்பாவின் பழைய மிதிவண்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். வசனம் எதுவும் சொல்லமாட்டார். அப்பா காத்திருந்தது அவருக்காகத்தான்.

ரோமர் 8:28 பொய் என்று நான் சொல்லவில்லை. பவுல் அதை எழுதிய அதே அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம் என்றும் எழுதுகிறார். அந்தத் தவிப்பைத் தாண்டி 28க்குத் தாவுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஜூன் 5

யோபின் நண்பர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் 2:13இல் முடிந்துவிடுகிறது. ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் மாற்றி மாற்றி, குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டா, நினைத்துப் பார், அறிக்கையிடு என்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் அவர்கள் பேசியதில் பாதி நல்ல பிரசங்கம், அதுதான் பயம் தருகிறது. கடைசியில் 42:7இல் தேவனுக்குக் கோபம் வருவது அவர்கள்மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபு என்ன பேசியிருந்தான்? தான் பிறந்த நாளைச் சபித்திருந்தான், துன்மார்க்கர் ஜீவித்து விருத்தராகி வல்லவராவானேன் என்று கேட்டிருந்தான், தேவனை நியாயத்துக்கு இழுத்திருந்தான். தேவனுக்காக வக்கீலாக நின்றவர்களுக்குக் கண்டனம், எதிர்த்து வழக்காடியவனோ நிதானமாய்ப் பேசினவன் ஆகிறான்.

உங்கள் அம்மாவுக்கு விசுவாசம் குறைவு என்றவர்களிடம் அந்த வசனத்தை மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 5, பிறகு

ஆனால் கடைசியில் யோபுக்கு இரட்டிப்பாய்க் கிடைத்ததே என்கிறார்கள். கிடைத்தது. 7,000 ஆடு 14,000 ஆயிற்று, 3,000 ஒட்டகம் 6,000 ஆயிற்று. பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். முன்பு ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள், பின்பும் அதே ஏழும் மூன்றும். அது மட்டும் இரட்டிப்பு ஆகவில்லை. செத்துப்போன பத்துப் பேரும் தேவனிடத்தில் இருக்கிறார்கள், ஆகையால் மொத்தம் இருபது, கணக்கு சரிதான் என்று சிலர் போதிப்பார்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் புதைத்த யாரும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்தது வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை. 38ஆம் அதிகாரத்திலிருந்து தேவன் பேசுகிறார், நட்சத்திரம், மழை, வரையாடு, பிகெமோத், லிவியாதான் என்று எல்லாம் வருகிறது, "உனக்கு ஏன் இது நடந்தது" என்பது மட்டும் வரவில்லை.

ஜூன் 7

நான் ஜூன் 3இல் எழுதியதில் ஒரு திருத்தம். எபிரெயம் தெரிந்த ஒருவர் நியாயமாகவே இடித்துச் சொன்னார். "விருதா" என்று தமிழில் மூன்று இடத்திலும் ஒரே சொல் இருந்தாலும் மூலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள். சங்கீதத்தில் "ரிக்", மலாக்கியில் "ஷாவ்", யோபில் "கின்னாம்". நான் தமிழ் வேதாகமத்தின் மேல் கட்டிய பாலம் மூலத்தில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சாத்தானின் வாதத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் சொன்ன "கின்னாம்" என்னை விடவில்லை. இலவசமாக என்றும் பொருள், காரணமில்லாமல் என்றும் பொருள். சாத்தான் 1:9இல் கேட்ட அதே சொல்லைத் தேவன் 2:3இல் திருப்பிச் சொல்கிறார். நம் தமிழில் அது வேறு சொல்லாகப் பெயர்க்கப்பட்டதால் கண்ணில் படவில்லை: "முகாந்தரமில்லாமல்" அவனை நிர்மூலமாக்கும்படி நீ என்னை ஏவினாய் என்கிறார். முகாந்தரமில்லாமல். தேவனே சொல்கிறார். யோபிடத்தில் அதற்குக் காரணம் ஏதும் இல்லை என்பது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. இதற்குப் பிறகும் நோயாளியின் படுக்கை பக்கத்தில் நின்று காரணம் தேடுகிறவர்களை என்ன சொல்வது?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசுவும் அதைத்தான் சொன்னார், லூக்கா 13. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ? அப்படியல்ல. குருடனாய்ப் பிறந்தவனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார்.

ஜூன் 8

பழைய சபைப் பேராயர் அகஸ்டீனைச் சிலர் எடுத்து வைத்திருக்கிறார்கள். கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது இதே கேள்விதான் எழுந்தது, கிறிஸ்தவர்களை ஏன் உங்கள் தேவன் காக்கவில்லை என்று. அதற்காகத் தொடங்கிய "கடவுளின் நகரம்" முடியப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே நெருப்பில் பொன் மின்னும், பதர் புகையும், ஆகையால் என்ன பாடு படுகிறோம் என்பதைவிடப் படுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதே முக்கியம் என்றார். நல்ல வார்த்தை, நான் மதிக்கிறேன். படையெடுப்பில் கற்பழிக்கப்பட்ட பெண்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அந்தக் காலத்திலேயே அடித்து எழுதினார், அதற்காக இன்னும் மதிக்கிறேன். ஆனால் அதே முதல் புத்தகத்தில், சில அத்தியாயம் தள்ளி, அவர்களுக்குள் மறைவான பெருமை இருந்திருக்கலாமோ என்று ஒரு காரணத்தையும் தேடிவிட்டார். அவ்வளவு பெரிய மனிதருக்கே கை நிற்கவில்லை. காரணம் சொல்லாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

1755 நவம்பர் 1, லிஸ்பனில் பூகம்பம். சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலை, ஆலயங்களில் ஜனங்கள் நிறைந்திருந்த நேரம். யார் மேல் கூரை விழுந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜூன் 10

நிலத்தைப் பற்றி எழுதாமல் போய்க்கொண்டிருக்கிறேன். மன்னிக்கவும்.

நாபோத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1 இராஜாக்கள் 21. ஆகாப் ராஜா கேட்டபோது, பிதாக்களின் சொத்தாக வந்த நிலத்தைக் கொடேன் என்றான். அதற்குப் பொய்ச்சாட்சி வைத்துக் கல்லெறிந்து கொன்றார்கள், ஆகாப் இறங்கிப் போய் திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டான். எலியா தீர்க்கதரிசி வந்தது அதற்குப் பிறகு. எனக்கு எப்போதும் உறுத்துவது அந்தத் தாமதம். எலியா ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே. அது மட்டுமா, ஆகாப் இரட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு தன்னைத் தாழ்த்தினவுடன் தண்டனை அவன் மகன் காலத்துக்குத் தள்ளிப்போகிறது. 2 இராஜாக்கள் 9இல் அந்த மகன் யோராமின் உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறிகிறார்கள், நாபோத்தின் இரத்தத்தோடு அவன் குமாரரின் இரத்தத்தையும் கர்த்தர் கண்டார் என்ற செய்தி அங்கேதான் வருகிறது. ஆக, கணக்கு மறக்கப்படவில்லை. ஆனால் நாபோத் எழுந்து வரவில்லை, அந்த நிலம் திரும்பக் கொடுக்கப்பட்டதாக ஒரு வரியும் இல்லை.

அதனால் வழக்குப் போடுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், விட்டுவிடு" என்று உங்களிடம் சொல்பவர் உங்கள் உறவினருக்கு உதவுகிறார், தெரிந்தோ தெரியாமலோ. லூக்கா 18இல் விதவை நியாயாதிபதியின் வாசலை விடவில்லை, அவளைத்தான் ஜெபத்துக்கு உதாரணமாக இயேசு காட்டினார். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். மன்னிப்பும் வழக்கும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல.

ஜூன் 13

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, அந்தப் பக்கத்து மேஜைக்காரரின் மகன் விபத்தில் இறந்துவிட்டான். இருபத்து மூன்று வயது. செய்தி கேட்டவுடன் என் மனதுக்குள் வந்த முதல் வாக்கியம்: கர்த்தர் கணக்கைத் தீர்த்துவிட்டார். வருத்தத்துக்கு முன்னால், ஒரு நிறைவோடு வந்தது. அந்தப் பையன் என்ன செய்தான்? அவன் கையெழுத்தா போட்டான்? 73ஆம் சங்கீதத்தில் எனக்குப் பிடித்த வசனம் அதுவரை 18. நிச்சயமாகவே நீர் அவர்களைச் சறுக்கலான இடங்களில் நிறுத்துகிறீர் என்ற வசனம். அதை நான் வருடக்கணக்காக ஒரு கத்தியைத் தீட்டுவதுபோல் ஓதியிருக்கிறேன். அன்றைக்கு நான் எலிப்பாஸ் ஆனேன். வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

என் அம்மா அந்த வீட்டுக்குப் போனார். என்னைக் கேட்கவில்லை. காலையில் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்ன சொல்ல? அவள் அழுதாள், நானும் அழுதேன்." அவ்வளவுதான். மறுநாளும் போனார்.

ஜூன் 13, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். உங்கள் உறவினரோடு சமாதானமாகிவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா செய்தது அவருடைய சுதந்திரம், அதை யாருக்கும் சட்டமாக வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த மேஜைக்காரர் இன்றுவரை அப்பாவைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூன் 15

அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா செபெதேயுவின் மகன் யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்தான். ஒரே வசனத்தில் முடிந்துவிட்டது. அதே அதிகாரத்தில் சிறையிலிருந்த பேதுருவுக்குத் தூதன் வருகிறான், சங்கிலிகள் விழுகின்றன, கதவு தானாகத் திறக்கிறது. சபை யாக்கோபுக்காகக் குறைவாக ஜெபித்ததா? அப்படி எழுதவில்லை. எபிரெயர் 11இலும் ஒரே மூச்சில், விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் ஒரு பக்கம், பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்கள் மறுபக்கம். விசுவாசம் ஒன்றுதான். செபெதேயுவின் மனைவி, தன் இரண்டு மகன்களுக்கும் வலது இடது பக்கத்தில் இடம் கேட்ட அந்தத் தாய், அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் பேதுருவின் சாட்சியை எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சாட்சி நேரத்தில் யாக்கோபுகளுக்கும் இடம் வேண்டும். கேட்டேன், கிடைக்கவில்லை, இன்னும் விசுவாசிக்கிறேன் என்று சொல்ல ஒருவர் எழுந்தால் நாம் கைதட்டாமலாவது கேட்க வேண்டும்.

ஜூன் 18

"கின்னாம்" பற்றி இன்னும் கொஞ்சம். யோவான் 15:25இல், பிடிபடப்போகிற ராத்திரியில், "முகாந்தரமில்லாமல் என்னைப் பகைத்தார்கள்" என்கிறார் இயேசு. அவர் எடுத்துக்காட்டுகிற சங்கீதத்தில் எபிரெயச் சொல் அதே "கின்னாம்". கிரேக்கத்தில் யோவான் எழுதுவது "தோரெயான்". அதே "தோரெயான்" ரோமர் 3:24இல் வருகிறது, அங்கே நம் வேதாகமத்தில் "இலவசமாய்": இலவசமாய் அவருடைய கிருபையினாலே நீதிமான்களாக்கப்படுகிறார்கள்.

காரணமில்லாமல் பகைத்தார்கள், காரணமில்லாமல் நீதிமான்களாக்கப்படுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல். இதைக் கண்டபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். இது உங்கள் கேள்விக்குப் பதில் என்று சொல்லமாட்டேன். துன்மார்க்கன் ஏன் வாழ்கிறான் என்பது இதனால் எனக்குத் துளியும் விளங்கவில்லை. ஆனால் முகாந்தரமில்லாமல் அடிபடுகிறவர்களின் வரிசையில் அவரே நிற்கிறார். சிலுவையில் "ஏன்" என்று சத்தமிட்டுக் கேட்டவரும் அவர்தான், அந்தப் பகலில் வானத்திலிருந்து பதில் வந்ததாக எழுதப்படவில்லை. மூன்றாம் நாள் வந்தது விளக்கம் அல்ல, அவரே வந்தார். அதன்மேல் நின்றுதான் பவுல் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை, முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிவிட்டு, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் "விருதாவாயிராதென்று" முடிக்கிறார். மூலத்தில் வேறு சொல்தான், தெரியும். தமிழில் அது விருதா. அப்பாவின் கல்லறையில் என்ன எழுதுவது என்று அன்றைக்குத் தெரியாமல் பெயரையும் தேதியையும் மட்டும் போட்டோம். இப்போது தெரிகிறது.

ஜூன் 19

அம்மாவுக்கு என்ன வாசிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆறுதல் வசனங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். ஏமானின் சங்கீதம். முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுவதைத் தவிர அதில் வெளிச்சமே கிடையாது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது. தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று நின்றுவிடும். பயப்படாமல் வாசியுங்கள்.

ஜூன் 22

நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். பாதியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார், முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றார் என்று. வாசியுங்கள். கடைசி வசனத்தோடு நிறுத்திவிடுங்கள், 89க்குப் போக வேண்டாம். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.